சிஹாரு ஷியோட்டாவின் நூல் வலை: நம்ம ஊர் குடோனில் செய்யறதா இருந்தா என்னென்ன பார்க்கோணும்?

நொய்யல்கரை:
எல்லாருக்கும் வணக்கமுங்க. கோவையில ஒரு பழைய பஞ்சு குடோன். அதுல ஒரு அறை 20 அடி நீளம், 15 அடி அகலம், 10 அடி உயரம். ஓவியக் கல்லூரிப் பசங்க மூணு வாரத்துக்கு ஒரு நூல் நிறுவல் வைக்கப் போறாங்க. ஜப்பான்காரம்மா சிஹாரு ஷியோட்டாவைப் பார்த்து வந்த யோசனை. இங்க அவங்க வேலையைத் தெரிஞ்சவங்களும் இருக்கறீங்க, நூல் யாவாரத்துல இருக்கறவங்களும் இருக்கறீங்க. ரெண்டு கேள்வி. ஒண்ணு, அவங்க இந்த நூலுக்கு எப்படி வந்து சேர்ந்தாங்க? இன்னொண்ணு, எந்த நூல், எத்தனை கிலோ, எங்க சொதப்பும்?

கரிக்கோடு:
முதல் கேள்விக்கு விரிவாகவே சொல்கிறேன். அது தெரியாமல் நூலை வாங்கினால் கல்யாண மண்டப அலங்காரம்தான் வரும்.

ஷியோட்டா 1972இல் ஒசாகா மாகாணத்துக் கிஷிவாடாவில் பிறந்தவர். கியோட்டோ செய்க்கா பல்கலைக்கழகத்தில் 1992 முதல் 1996 வரை படித்தது ஓவியம். இடையில் 1993, 94இல் பரிமாற்ற மாணவியாக ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் இருந்தார். கேன்வாஸில் வண்ணம் பூசுவது அவருக்கு அங்கே முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. தான் ஓர் ஓவியத்துக்குள் இருப்பதாக ஒரு கனவு வந்தது. 1994இல் கேன்வாஸைப் போர்த்திக்கொண்டு தன் உடம்பு மேலேயே சிவப்பு எனாமல் பெயின்டை ஊற்றிக்கொண்டார். 'ஓவியமாக ஆதல்' என்பது அந்த நிகழ்த்துதல், அதாவது உடம்பையே கலையாக்கிக் காட்டுவது. அதே 1994இல் 'டிஎன்ஏவிலிருந்து டிஎன்ஏவுக்கு' என்ற வேலையில் சிவப்புக் கம்பளி நூல் வந்துவிட்டது. உடம்பும் நூலும் ஒரே வருஷத்தில் வந்ததைக் கவனிக்க வேண்டும்.

நார்களைச் சிற்பமாக்க முடியும் என்று அவருக்குக் காட்டியவர் போலந்துக்காரரான மக்டலேனா அபகனோவிச். கத்தாழை நாரில் ஆளுயரத்துக்கு மேல் நெய்து தொங்கவிட்டவர் அவர். 1996இல் ஷியோட்டா ஜெர்மனி போகிறார். முதலில் ஹாம்பர்க். பிறகு பிரவுன்ஷ்வைக்கில் நிகழ்த்துகலைஞர் மரீனா அப்ரமோவிச்சிடம், அதன் பின் 1999 முதல் 2003 வரை பெர்லினில் சிற்பி ரெபெக்கா ஹார்னிடம் படித்தார். அப்ரமோவிச் தன் மாணவர்களை பிரான்சுக்குக் கூட்டிப்போய்ச் சில நாள் பட்டினி போட்டு, கடைசியில் ஒரே ஒரு வார்த்தை எழுதச் சொன்னார். ஷியோட்டா எழுதியது 'ஜப்பான்'. அதிலிருந்து பிறந்த நிகழ்த்துதலில், ஆடையில்லாமல் மண்சரிவில் ஏறி, உருண்டு விழுந்து, திரும்ப ஏறினார். 'வீடு திரும்ப முயற்சி செய்' என்று பெயர். 1999இல் 'குளியலறை' காணொளி: தொட்டியில் சேற்றை அள்ளி அள்ளித் தலையில் ஊற்றிக்கொள்கிறார்.

2001இல் யோகோஹாமா டிரையென்னாலே என்ற மூன்றாண்டுக் கலைக் கண்காட்சியில்தான் திருப்பம். 'தோலின் நினைவு': சேறு பூசிய ராட்சத உடைகள் மேலிருந்து தொங்குகின்றன, அவற்றின் மேல் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கிறது, கறை போவதில்லை. உள்ளே ஆள் இல்லை. சேறு அதே சேறு, உடம்பு மட்டும் விலகிவிட்டது. அதற்கப்புறம் அவர் செய்த அநேகமும் இதுதான்: ஆள் போன பிறகு அவர் தொட்ட பொருள் மிஞ்சுகிறது, சுற்றிலும் நூல். கட்டில், காலணி, பெட்டி, சாவி, கடிதம். அந்தப் பொருளில்லாமல் நூல் மட்டும் கட்டினால் ஷியோட்டாவிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம்.

பழைய_தறி:
கரிக்கோடு சொன்னது சரிங்க. நான் நூல் கணக்குக்கு வர்றேன்.

20 × 15 × 10 அடின்னா 3,000 கன அடி, மீட்டர் கணக்குல 85 கன மீட்டர். ஆள் நடக்க 4 அடி அகலம், 7 அடி உயரத்துக்கு வழி விட்டா 16 போயிரும். மிச்சம் சுமாரா 70 கன மீட்டர்.

மூணு திசையிலயும் 10 சென்டிமீட்டருக்கு ஒரு இழை போனா, ஒரு கன மீட்டருக்கு ஒரு திசையில 100 மீட்டர், மூணுக்கும் சேர்த்து 300 மீட்டர். அப்ப 70க்கு 21,000 மீட்டர். இடைவெளியை 20 சென்டிமீட்டர் ஆக்கினா 5,250 மீட்டர் போதும், ஆனா வெறும் கொடிக்கயிறாட்டத் தெரியும். 5 சென்டிமீட்டர்னா 84,000 மீட்டர். இடைவெளி பாதியானா நூல் நாலு மடங்கு. இதைத் தெரியாமத்தான் பாதி அறையில நூல் தீந்து நின்னுபோகும்.

கிலோவுக்கு எத்தனை மீட்டர்னு கேட்டீங்கன்னா, பருத்தி நூலுக்கு கவுன்ட்டை, அதாவது நூலோட மெலிசைக் குறிக்கற நம்பரை, 1,693ஆல பெருக்குங்க. 10ஆம் நம்பர் ஒத்தப் பிரி கிலோவுக்கு 16,930 மீட்டர். அதையே ரெண்டு பிரி போட்டா, அதாவது ரெண்டு இழையைச் சேர்த்து முறுக்கினா 8,465, நாலு பிரி போட்டா 4,230. கடையில விக்கற அக்ரிலிக் உல்லன் உருண்டை 100 கிராம் 200லிருந்து 250 மீட்டர் வரும், கிலோவுக்கு 2,200ன்னு வெச்சுக்கோங்க.

ஆக 10 சென்டிமீட்டர் இடைவெளிக்கு நாலு பிரிப் பருத்தி 5 கிலோ, அக்ரிலிக்னா 9.5 கிலோ. 5 சென்டிமீட்டருக்கு பருத்தி 20, அக்ரிலிக் 38. மேல 20 சதவீதம் சேதாரம் போடோணும்.

நடுவுல வழி விட்டா ரெண்டு பக்கமும் அஞ்சரை அடி ஆழம் நூல் நிக்கும். 10 சென்டிமீட்டர்லயே பதினாறு பதினேழு அடுக்கு ஒண்ணு மேல ஒண்ணு விழுகறதால கண்ணுக்கு அடர்த்தியாத்தான் தெரியும். அதனால எடுத்த உடனே 5க்குப் போக வேண்டாம். முழு அறையையும் 10ல முடிச்சுட்டு, பொருள் இருக்கற இடத்துலயும் மூலையிலயும் மட்டும் எச்சா ஏத்துங்க.

ஒத்தப் பிரி நூல் ஆகவே ஆகாதுங்க. நூல் சுத்தின கோனை நிறுத்தி வெச்சு மேல் பக்கமா இழுத்தா ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு முறுக்கு ஏறும். கொஞ்சம் தளந்தாப் போதும், தானாச் சுருண்டு முடிச்சாயிரும். பிரி போட்ட நூல்ல முறுக்கும் எதிர்முறுக்கும் சமமா இருக்கறதால அந்தத் தொந்தரவு நெம்பக் குறைவு. பவானி ஜமக்காளத்துக்கு ஓட்டற மாதிரி தடிச்ச பருத்தியைப் பிரி போட்டு வாங்கிக்கலாம். பல்லடம் பக்கம் ஓப்பன் எண்ட் மில்லுல கழிவுப் பஞ்சுல வர்ற கலர் நூல் விலை கம்மி. பஞ்சு உதிரும், அது ஒண்ணுதான் குறை.

மேடைவிளக்கு:
நூலைப் பத்தி எல்லாரும் பேசுவாங்க, அது எதைப் புடிச்சு நிக்குதுங்கறதை மறந்துருவாங்க. ஒரு இழைக்கு 50 கிராம் இழுப்புன்னு வெச்சாலும் ஆயிரம் இழைக்கு 50 கிலோ. பழைய குடோன் சுண்ணாம்புப் பூச்சுல ஸ்டேப்லர் பின் நிக்காது, பூச்சோட பேத்துக்கிட்டு வந்துரும். சுவத்துல 2க்கு 1 இஞ்ச் ரீப்பரை (மரச்சட்டத்தை) ஒண்ணரை அடிக்கு ஒரு திருகாணி வீதம் பிளக் வெச்சு முடுக்குங்க. கீழ இருந்து மேல ரெண்டு அடிக்கு ஒரு ரீப்பர், விட்டத்துலயும் அதே மாதிரி. நூலை அந்த ரீப்பர்ல மட்டும் அடிங்க.

பின்னை நூலுக்குக் குறுக்க முழு அழுத்தமா அடிச்சா நூலை வெட்டிரும். 8 மில்லிமீட்டர் பின்னைச் சாய்வா அடிச்சு, பாதி வெளிய இருக்கறப்ப நூலை ரெண்டு சுத்துச் சுத்தி, பொறவு சுத்தியல்ல தட்டி உள்ள இறக்குங்க.

தீ விஷயத்துல விளையாடவே கூடாது. தொங்கற நூல்ல எல்லாப் பக்கமும் காத்து இருக்கு. பருத்தியில ஒரு பொறி பட்டா கண் மூடித் திறக்கறதுக்குள்ள மேல போயிரும். அக்ரிலிக் உருகிச் சொட்டிக்கிட்டே எரியும், புகையில சயனைடு வாயு வரும். கூட்டம் வர்ற அறைக்கு அக்ரிலிக் வேண்டவே வேண்டாம். ஆலஜன் விளக்கு கூடாது, எல்இடி மட்டும், அதுவும் நூலுக்கு அரை மீட்டர் தள்ளி. வாசல் ரெண்டு இருக்கோணும். ஒரே வாசல்னா அந்த அறையை விட்டுட்டு வேற அறை பாருங்க.

நொய்யல்கரை:
நன்றிங்க. அக்ரிலிக்கைப் பட்டியல்ல இருந்து அடிச்சாச்சு. இன்னும் மூணு சந்தேகம். பருத்திக்குத் தீத்தடுப்பு எதாச்சும் பண்ண முடியுமா? சிவப்புச் சாயம் எது? பொறவு, ஒரு பொண்ணு நூலுக்கு உள்ள படுத்திருக்கற மாதிரி நிகழ்த்துதல் வைக்கலாம்னு சொல்றாங்க. உடம்புல சிவப்பு பெயின்ட் பூசறதாவும் பேச்சு.

சிட்டம்:
சாயத்துக்கு நான் சொல்றேன் தம்பி. பருத்தியோட வினைபுரிஞ்சு ஒட்டற ரியாக்டிவ் சிவப்பே போதும், ஆனா கடும் சிவப்புக்குச் சாயம் எச்சாப் போடறதால நூல்ல ஒட்டாத சாயம் மிச்சம் நிக்கும். நல்லா சோப்புப் போட்டுக் கொதிக்க அலசாம விட்டா கட்டற பசங்க கையெல்லாம் சிவந்து, அதே கையோட சுவத்தைத் தொடுவாங்க. வாங்கும்போதே வெள்ளைத் துணியை நனைச்சு நூலைப் பத்துத் தடவை அழுத்தித் தேய்ச்சுப் பாருங்க. துணி ரோசாக் கலருக்கு மேல போச்சுன்னா திருப்பிக் கொடுத்துருங்க. எல்லா நூலையும் ஒரே லாட்டுல, ஒரே தடவை சாயம் போட்டதுல எடுங்க. லாட் மாறினா அதே சிவப்பு வராது, பெரிய வலையில அது பட்டை பட்டையாத் தெரியும்.

தீத்தடுப்புக்குப் பழைய முறை ஒண்ணு இருக்கு: 10 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணியில 700 கிராம் வெங்காரம் (போராக்ஸ்), 300 கிராம் போரிக் ஆசிட். நல்லாக் கரைஞ்ச பொறவு நூலை முக்கி, அரை மணி நேரம் ஊறவிட்டு, பிழிஞ்சு நிழல்ல காயப்போடோணும். கோனா முக்காதீங்க. நடுவுல நனையாது, நனைஞ்சாலும் காயாது. சிட்டம் போட்டு, அதாவது தளர்வான கட்டாச் சுத்தி, முக்கிக் காயவெச்சு, பொறவு கோன்ல சுத்துங்க. கையுறை போடுங்க, குழந்தைங்க வாயில வைக்காமப் பாத்துக்கோங்க. இது பருத்திக்கு மட்டுந்தான் வேலை செய்யும், மறுபடியும் தண்ணி பட்டா கரைஞ்சு போயிரும். ஒரு அடித் துண்டை வெளிய எடுத்துட்டுப் போயி கொளுத்திப் பாருங்க. தீக்குச்சியை எடுத்த உடனே அணையோணும். கலர் கொஞ்சம் மாறலாம், அதனால முதல்ல ஒரே ஒரு சிட்டத்துல பாத்துட்டு மிச்சத்தை முக்குங்க.

இன்னொண்ணும் மனசுல வைங்க. சிவப்பு நூல்னா ஜப்பான்காரங்களுக்கு ரத்தம், ஒறவு. திருப்பூர்ல சிவப்புன்னா நொய்யல் ஆத்துல ஓடின சாயத்தண்ணியும் ஞாபகத்துக்கு வரும். 2011ல ஐகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது இந்த ஊர் சனங்க யாருக்கும் மறக்கலை. இங்க சிவப்பைத் தேர்ந்தெடுத்தா அந்த அர்த்தம் தானா வந்து ஒட்டிக்கும். வேண்டாம்னு ஒதுக்க முடியாது. அதைத் தெரிஞ்சே எடுங்க.

கரிக்கோடு:
சிட்டம் அக்கா சொன்ன கடைசிப் பத்தியைப் பசங்க சுவரில் ஒட்டி வைக்க வேண்டும்.

பெயின்ட் விஷயத்தில் என் பதில் கண்டிப்பாக வேண்டாம் என்பதே. ஷியோட்டா 1994இல் பூசியது எனாமல். அது தோலை எரித்தது, நிறம் போக மாதக்கணக்கானது. எனாமலில் இருக்கும் கரைப்பான் தோலுக்குள் இறங்கும், கழுவ மறுபடி டர்பன்டைன் வேண்டும், அது இன்னொரு எரிச்சல். அந்த ஆபத்துதான் அந்த வேலையின் பொருள், அதையும் அவர் ஒரே முறைதான் செய்தார். இன்னொருவர் உடம்பில் அதைத் திரும்பச் செய்ய எந்தக் காரணமும் இல்லை.

படுத்திருப்பது வேறு விஷயம். 'உறங்கும் வேளையில்' என்ற வேலையில் வெள்ளைக் கட்டில்களில் வெள்ளுடைப் பெண்கள் படுத்திருப்பார்கள், மேலும் கீழும் சுற்றிலும் கருப்பு நூல். செய்வதானால் கட்டிலை முதலில் வைத்து, முகத்துக்கு மேல் குறைந்தது இரண்டடி விட்டு வலை கட்டுங்கள். தலைமாட்டுப் பக்கம் எழுந்து வெளியேற வழி இருக்கட்டும். பக்கத்தில் எப்போதும் ஒரு ஆள், கையில் கத்தரிக்கோல். அரை மணிக்கு மேல் ஒருவரைப் படுக்க வைக்காதீர்கள். கோவை வெயிலில் அடைத்த குடோனில் அதுவே அதிகம். ஷியோட்டாவின் காட்சிகளிலும் நிகழ்த்துதல் சிறிது நேரமே, மற்ற நாளெல்லாம் காலிக் கட்டில்தான் நின்றது. அந்தக் காலிக் கட்டிலில்தான் வேலை முழுமையாகிறது என்பது என் எண்ணம்.

நிறத்தையும் மறு யோசனை செய்யுங்கள். அவருடைய கருப்பு வெளியில் இழுத்த பென்சில் கோடு, அதுவே அடர்ந்தால் இரவு வானம். 'மௌனத்தில்' வேலையைப் பாருங்கள். எரிந்த பியானோ, எரிந்த நாற்காலிகள், கருப்பு நூல். ஷியோட்டாவின் ஒன்பது வயதில் பக்கத்து வீடு தீப்பிடித்தது. மறுநாள் வெளியே கிடந்த கரிந்த பியானோவை அவர் பார்த்தார். வாசிக்க முடியாத அந்தப் பியானோ அதற்கு முன் இருந்ததை விட அழகாக இருந்ததாகச் சொல்லியிருக்கிறார். வெள்ளை ஜப்பானில் சாவுக்கும் உரிய நிறம், தொடக்கத்துக்கும் உரிய நிறம்.

ஓடைக்கல்:
எனக்கு மாற்றுக் கருத்து உண்டுங்க. ஆரம்ப காலத்துல இருந்த வேகம் பின்னாடி இல்லை. 2015 வெனிஸ் கலைக் கண்காட்சிக்குப் பொறவு ஊர் ஊருக்கு அதே சிவப்பு வலை, அதுக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுத்துக்கற சனம். 2019ல டோக்கியோ மோரி அருங்காட்சியகத்துல 6,66,271 பேர் பாத்தாங்கங்கறது பெருமைதான். ஆனா அத்தனை பேர் வரிசையில நகர்ற எடத்துல ஒரு ஆளோட இல்லாமையை எப்படி உணர முடியும்? சேத்துல உருண்டவங்க கடைசியில அழகைச் செய்யறவங்களா ஆயிட்டாங்க. பசங்களும் அந்த அழகைப் பாத்துத்தான் கிளம்பியிருக்காங்க.

கரிக்கோடு:
ஓடைக்கல் சொல்வதில் பாதி சரி. போட்டோக் கூட்டம் உண்மை. ஆனால் வெனிஸ் வேலையின் உள்ளே போய்ப் பாருங்கள். 'கையில் சாவி' 56ஆவது வெனிஸ் பியன்னாலேயின் (அந்தக் கலைக் கண்காட்சியின்) ஜப்பான் கூடத்தில் இருந்தது. இரண்டு பழைய படகுகள், மேலே சிவப்பு நூல் மேகம், அதில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சாவிகள். எல்லாம் பல நாட்டு மனிதர்கள் பயன்படுத்திக் கொடுத்தவை. சாவி ஒன்று 10 கிராம் என்றாலே அரை டன். அந்த அரை டன்னும் சாதாரண நூலில் தொங்கியது. ஒவ்வொன்றையும் கையால் கட்ட வேண்டும். உருளுவதற்குப் பதில் உடம்பு இப்போது ஏணியில் நின்று முடிச்சுப் போடுகிறது. நிகழ்த்துதல் கதவு திறப்பதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது, பார்க்க வருபவர்களுக்கு அதன் தடம் மட்டும் கிடைக்கிறது.

உடம்பு ஒரேயடியாகப் போய்விடவும் இல்லை. 2005இல் அவருக்குக் சூலகப் (சினைப்பை) புற்றுநோய் வந்தது. 2017இல் மோரி அழைப்பு வந்த மறுநாளே அது திரும்பியதாகத் தெரிந்தது. அறுவை, கீமோ எல்லாவற்றுக்கும் நடுவில்தான் அந்தக் கண்காட்சியைத் தயாரித்தார். 'ஆன்மா நடுங்குகிறது' என்று பெயர். 2019இல் செய்த 'என் உடம்புக்கு வெளியே' வேலையில் வெட்டி வெட்டி வலையாக்கிய தோல் மேலிருந்து தொங்குகிறது, தரையில் அவருடைய கை கால்களை வார்த்த வெண்கலம். அது போட்டோவுக்கு அழகாக வரும் வேலை இல்லை, ஓடைக்கல்.

ஓடைக்கல்:
அந்த வெண்கலக் கால்களை ஒத்துக்கறேங்க. ஆனா மேகம் மாதிரி இருக்கறதை மட்டும் பாத்து எடுக்கறவங்களைப் பத்தித்தான் என் கவலை. பசங்க எந்தப் பொருளை உள்ள வைக்கப் போறாங்கன்னு இன்னும் சொல்லலையே?

நொய்யல்கரை:
தறி நாடா, அதான் தறியில ஊடை நூலைக் கொண்டுபோற கருவி, வைக்கலாம்னு பேச்சுங்க. நூறு கிடைக்கும்.

பழைய_தறி:
நாடா பாக்க நல்லா இருக்கும், ஆனா அது நூலோட சேர்ந்த சாமான். நூலுக்குள்ள நூல்கருவி வெச்சா காட்சிக்கூடமாயிரும், ஆள் தெரிய மாட்டாங்க. மில்லு வேலைக்குப் போனவங்களோட தூக்குப்போசியை, சோறு கொண்டுபோன தூக்குப் பாத்திரத்தை, கேட்டுப் பாருங்க. அடி நசுங்கி, கைப்பிடி தேஞ்சு, மூடியில பேர் வெட்டி இருக்கும். யாரோடதுன்னு கேட்டு எழுதி வெச்சுக்கோங்க, காட்சி முடிஞ்சா திருப்பிக் கொடுக்கோணும். எவர்சில்வர் தூக்கு அரைக் கிலோவுக்குப் பக்கமா இருக்கும். அதை வலையில தொங்கவிடாதீங்க. தனியா நைலான் கயித்துல விட்டத்துல கட்டிட்டு, சிவப்பு நூல் அதைச் சுத்திப் போகட்டும். வலை மேல பாரம் ஏத்தினா சுத்தி இருக்கற இழையெல்லாம் இழுபட்டு, தூரத்துல இருக்கறது தொளதொளன்னு ஆயிரும்.

கட்டற வரிசை இப்படி. முதல்ல பொருள். அடுத்து எட்டிப்புடிக்க முடியாத கோடி, அங்கிருந்து வாசலை நோக்கிப் பின்னாலயே வரோணும். இல்லைன்னா உள்ள மாட்டிக்குவீங்க. ஒரு சுவர்ல பத்து இழை அடிச்சா எதிர்ச் சுவர்லயும் பத்து. ஒரே பக்கம் அம்பது அடிச்சா ரீப்பர் வளையும், முதல்ல கட்டினது தளந்துரும். எல்லாம் முக்கோணமாப் போகட்டும். சதுரம் சாஞ்சுரும், முக்கோணம் சாயாது. ஒரு இழை இன்னொண்ணைத் தாண்டற எடத்துல அதை ஒரு சுத்துச் சுத்திட்டு அப்படியே மேல போங்க, வெட்டி முடிச்சுப் போட வேண்டாம். நூல் தீந்தா மட்டும் நெசவுக்காரங்க போடற முடிச்சு.

பருத்தியில ஒரு குணம் பாத்துக்கோங்க. ஈரம் ஏறினா இழை தடிச்சு நீளம் குறையும், வலை விறைக்கும். காஞ்சா முன்னை விடத் தளந்து தொங்கும். அதனால கட்டும்போது கிட்டார் கம்பியாட்டம் இழுக்க வேண்டாம், விரல்ல தட்டினா லேசா ஆடற அளவு போதும். ஆனி ஆடியில வெக்கறதா இருந்தா பாலக்காட்டுக் கணவாய்க் காத்து குடோன் சன்னல் வழியா வந்து முழு வலையையும் ஆட்டும், உரசல்ல பஞ்சு உதிரும். மேக்குப் பக்கச் சன்னலை அடைச்சுருங்க.

எத்தனை நாள் ஆகும்னு கேட்பீங்க. ஒரு ஆள் ஒரு மணி நேரம் கட்டறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் கோனைத் தராசுல வைங்க. குறைஞ்ச கிராமை மொத்தக் கிலோவோட ஒப்பிட்டா உங்க ஆளுங்களுக்கான கணக்கு துல்லியமா வந்துரும். எப்ப நிறுத்தறதுங்கறதை கரிக்கோடு சொல்லட்டும்.

கரிக்கோடு:
அதற்கு ஷியோட்டாவே ஒரு அளவுகோல் சொல்லியிருக்கிறார். ஒரே இழையைக் கண்ணால் பின்தொடர முடியாமல் போகிறபோது வேலை முடிந்தது. வாசலில் நின்று ஒரு இழையைப் பிடித்துப் பாருங்கள். அது சுவர் வரை தெரிந்தால் அந்த இடத்தில் இன்னும் போடலாம். தொலைந்துவிட்டால் கையை எடுத்துவிடுங்கள். தூக்குப்போசியின் மூடியில் இருக்கும் பேர் மட்டும் நூலுக்கு இடையில் படிக்கும்படி இருக்கட்டும்.

மேடைவிளக்கு:
கழட்டறதையும் இப்பவே திட்டம் போடுங்க. வலையை அப்படியே எடுத்து வேற எடத்துல வைக்க முடியாது. ஷியோட்டாவோட வலைங்களும் காட்சி முடிஞ்சா வெட்டித்தான் எடுக்கப்படுது. முதல்ல தூக்குகளை எடுத்து அவங்கவங்க பேர்ச் சீட்டோட அட்டைப்பெட்டியில போடுங்க. பொறவு வாசல்ல இருந்து உள்பக்கமா வெட்டுங்க. ரெண்டு சுவர்லயும் மாத்தி மாத்தி வெட்டோணும், கட்டின அதே காரணம்தான்.

வெட்டின பருத்தியைக் கழிவு நூல் வாங்கறவங்க எடுத்துக்குவாங்க, திரும்பப் பஞ்சாக்கி ஓப்பன் எண்ட் மில்லுக்குப் போகும். ஆனா ஸ்டேப்லர் பின் ஒண்ணு கூட அதுல இருக்கக் கூடாது. பிரிக்கற மெசின்ல இரும்பு மாட்டினா பொறி பறந்து பஞ்சுல தீப்புடிக்கும். ரீப்பர்ல இருந்து ஒரு சாண் தள்ளி வெட்டுங்க, பின்னோட ஒட்டின அந்தத் துண்டைத் தனியாக் குப்பையில போடுங்க. மிச்சத்து மேல நல்ல காந்தம் ஒண்ணை ரெண்டு தடவை ஓட்டுங்க. வெங்காரத்துல முக்கின நூல்னு வாங்கறவங்ககிட்ட முன்னாடியே சொல்லிருங்க, அலசித்தான் எடுக்கோணும்.